ஒத்தெல்லோவில் பொறாமையும் ஐயமும்: கேட்கப்படாத சாட்சி

ஷேக்ஸ்பியரின் பெருந்துன்பியல் நாடகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்பை முத்திரையாகப் பதித்துக் கற்பிக்கும் வழக்கம் கல்விப்புலத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஹாம்லெட் என்றால் தயக்கம், மக்பெத் என்றால் பேராசை, ஒத்தெல்லோ என்றால் பொறாமை. தேர்வு விடைத்தாளுக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆயினும் ஒத்தெல்லோவைப் பொறுத்தவரை அம்முத்திரையை முதலில் பதித்தவர் யார் எனக் கேட்பது பயனுடையது. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில், ஒத்தெல்லோவின் முன்னிலையில் பொறாமை என்னும் சொல்லை எடுத்து வைப்பவன் இயாகோ. அறிவால் ஆற்ற இயலாத அளவிற்கு வலிய பொறாமையைத் தன் தலைவனுள் விளைவிக்கப்போவதாக இரண்டாம் அங்கத்தின் தனிமொழியிலேயே அவன் அவையோருக்கு அறிவித்துவிடுகிறான். ஆகவே, இதனைப் பொறாமையின் நாடகம் என்று மட்டும் உரைத்து அமைவது, நஞ்சிட்டவன் எழுதிக்கொடுத்த நோய்க்குறிப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதாகும்.

சொல்லும் பொருளும்

ஆங்கில மூலத்தில் ஆளப்படும் 'ஜெலஸி' என்னும் சொல்லுக்கு ஷேக்ஸ்பியர் காலத்தில் ஐயுறவு என்னும் பொருளும் வழக்கில் இருந்தது. தமிழில் அதனைப் பொறாமை என ஒரே சொல்லால் பெயர்க்கும்போது அப்பொருள் உதிர்ந்துவிடுகிறது. தமிழ் இலக்கண மரபோ இவ்விரண்டையும் கலந்ததில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளின் வேறாக எடுத்தோதும் முப்பத்திரண்டனுள் பொறாமையும் ஐயமும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. சூழ்ச்சியும் ஆராய்ச்சியும்கூட அதே பட்டியலில் இடம்பெறுவது இந்நாடகத்தைப் பயில்வோர்க்கு வியப்பளிக்கும். அவற்றுக்கு உரையாசிரியர்கள் காணும் பொருள் அவ்விடத்திற்கு உரியது என்பது உண்மையே. எனினும் பொறாமை வேறு, ஐயம் வேறு என்னும் தெளிவு அங்குத் தொடக்கத்திலேயே அமைந்துள்ளது.

திருக்குறளில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மை பெறுகிறது. அழுக்காறாமை அதிகாரம் (17) பேசுவது பிறர் ஆக்கம் கண்டவிடத்துப் பொறாத உள்ளத்தை. அது இயாகோவுக்கு உரியது. போர்க்களப் பட்டறிவு மிக்க தன்னை விடுத்து, ஏட்டறிவினனாகிய கேசியோவைத் துணைத்தளபதியாக்கியதைப் பொறாதவன் அவன். கேசியோவின் வாழ்வில் அன்றாடம் காணப்படும் அழகு தன்னை அருவருப்புடையவனாக்குகிறது என்று ஐந்தாம் அங்கத்தில் அவனே உணர்ந்து பேசும் இடம், அழுக்காற்றின் இயல்பை உரைக்கும் அரிய இடங்களுள் ஒன்று.

ஒத்தெல்லோவின் நிலை அதிகாரம் 51ஆகிய தெரிந்துதெளிதலுக்கு உரியது. ஒருவனை ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரிடத்துப் பின்னர் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே நீங்காத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளது (510) கருத்து. ஒத்தெல்லோ இவ்விரண்டு பிழைகளையும் ஒரே நேரத்தில் செய்கிறான். இயாகோவிடத்து முன்னதை, டெஸ்டிமோனாவிடத்துப் பின்னதை. அக்குறள் பொருட்பாலில், வினைக்குரியாரைத் தேர்ந்தெடுக்கும் அரசனை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதும் பொருத்தமானதே. நாடகத்தின் முதல் நீண்ட பேச்சே ஒரு பதவி நியமனத்தைப் பற்றிய மனக்குறைதான்.

நாளிதழ்த் தமிழும் இவ்வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. மனைவியைக் கணவன் கொன்ற செய்திகளில் பொறாமை என்னும் சொல் அரிதாகவே வரும். 'நடத்தையில் சந்தேகம்' என்பதே வழக்கமான தொடர். அத்தொடரில் ஐயுற்றவன் மறைந்துவிட, ஆராய்ச்சிக்குரியதாக எஞ்சுவது பெண்ணின் நடத்தை மட்டுமே என்பதும் கருதத்தக்கது.

இரண்டு விசாரணைகள்

1604 நவம்பர் 1 அன்று லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் இந்நாடகம் நடிக்கப்பட்டமைக்குப் பதிவு உண்டு. இதன் கதைக்கு மூலமாக அமைந்தது, இத்தாலிய எழுத்தாளர் ஜிரால்டி சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் உள்ள ஒரு கதை. அக்கதையில் இயாகோவுக்கு இணையான கொடியாளன், தலைவனின் மனைவி மீது கொண்ட காமம் நிறைவேறாமையால் பழிவாங்குகிறான். ஷேக்ஸ்பியர் அக்காரணத்தை மெலிவித்து, பதவி இழப்பை முன்னிறுத்தினார். அதனினும் பெரிய மாற்றம், முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் வெனிஸ் நகரின் செனட் அவையைக் கூட்டி ஒரு விசாரணையை நடத்திக் காட்டியமை. நாடகத்தின் பொருளை அறிய அக்காட்சியே வாயில் எனலாம்.

அக்காட்சி துருக்கியக் கடற்படை பற்றிய செய்திகளோடு தொடங்குகிறது. ஒரு மடலில் கப்பல்களின் எண்ணிக்கை 107, மற்றொன்றில் 140, பிறிதொன்றில் 200. எண்கள் மாறுபடினும் படை சைப்ரஸ் நோக்கி வருகிறது என்னும் பொதுச்செய்தியை அவையினர் பிரித்தறிகின்றனர். அது ரோட்ஸ் தீவை நோக்கித் திரும்பியது எனப் புதிய செய்தி வந்தபோது, நம் கண்ணைத் திசைதிருப்பக் காட்டும் பொய்க்காட்சி அது என ஓர் உறுப்பினர் காரணங்காட்டி மறுக்கிறார். அடுத்து வரும் செய்தி அவர் கூற்றை மெய்ப்பிக்கிறது. முரண்பட்ட சான்றுகளை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கான பாடம், ஒத்தெல்லோ அவைக்குள் நுழையும் முன்னரே அவையோர் கண்முன் நடந்து முடிந்துவிடுகிறது.

பின்னர் டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்ஷியோ, தன் மகளை மருந்தாலும் மாயத்தாலும் மயக்கியதாக ஒத்தெல்லோமீது குற்றஞ்சாட்டுகிறான். உறுதியாகக் கூறுவது மட்டுமே மெய்ப்பித்தல் ஆகாது என்கிறார் டியூக். அப்போது ஒத்தெல்லோ அவையை வேண்டுவது ஒன்றே: அப்பெண்ணை ஆளனுப்பி அழையுங்கள், அவள் தன் தந்தையின் முன்னிலையில் பேசட்டும். டெஸ்டிமோனா வருகிறாள், பேசுகிறாள், வழக்கு முடிகிறது. சைப்ரஸைக் காக்க ஒத்தெல்லோ இன்றியமையாதவன் என்னும் அரசியல் தேவை அத்தீர்ப்பின் பின்னணியில் இல்லாமல் இல்லை. இருப்பினும் முறை பிழைக்கவில்லை. சாட்சியை அழைத்துவரச் செல்வோருக்கு வழிகாட்ட ஒத்தெல்லோ அனுப்புவது இயாகோவை என்பதனையும் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சைப்ரஸில் நிகழும் விசாரணையில் அவை இல்லை. குற்றஞ்சாட்டுபவன், சான்று தருபவன், தண்டனைக்கு வழி சொல்பவன் மூவரும் ஒருவனே. ஐந்தாம் அங்கத்தில், படுக்கையில் இருந்தபடி டெஸ்டிமோனா கெஞ்சுகிறாள்: அம்மனிதனுக்கு ஆளனுப்புங்கள்; அவனையே கேளுங்கள். முதல் அங்கத்தில் தன் உயிரையும் பதவியையும் காத்துக்கொள்ள ஒத்தெல்லோ விடுத்த அதே வேண்டுகோள் இது. அவன் தரும் விடை, கேசியோவின் வாய் அடைக்கப்பட்டுவிட்டது, அதற்கு இயாகோ ஏற்பாடு செய்துவிட்டான் என்பது. அன்று சாட்சியை அழைத்துவரச் சென்றவனே இன்று சாட்சியை இல்லாமற் செய்யும் பொறுப்பை ஏற்றிருக்கிறான். அங்கங்கள் நான்கைக் கடந்து எதிரொலிக்கும் இவ்வமைப்பைப் பொறாமை என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்க இயலாது.

இயாகோவின் தொழில்

வஞ்சகம் என்றவுடன் பொய் நினைவுக்கு வருகிறது. இயாகோ பெரும்பொய் சொல்வது மிகப் பிந்தியே. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைச் சொல் சொல்லாகப் பயின்றால், முதல் நூறு வரிகளில் அவன் பொய் என்று சொல்லத்தக்க ஒன்றையும் ஏறக்குறையச் சொல்லவில்லை என்பது புலனாகும். டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் கேசியோ அகல்வதைக் கண்டு, தனக்கு இது பிடிக்கவில்லை என முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் எனக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். நீங்கள் மணம் பேசிய நாட்களில் கேசியோவுக்கு அது தெரியுமா என வினவுகிறான். ஆம் என்று விடை வந்தவுடன் 'அப்படியா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். கேசியோ நேர்மையானவன்தானே என ஒத்தெல்லோ கேட்க, 'நேர்மையா' என அச்சொல்லையே திருப்பித் தருகிறான். என் சொற்களையே எனக்கு எதிரொலிக்கிறாயே என ஒத்தெல்லோ சினக்கிறான். அரைகுறையாக விடப்பட்ட தொடர்களை நிரப்பும் வேலை கேட்பவனிடம் சேர்கிறது. தானே நிரப்பிக்கொண்ட பொருளை மனிதன் எளிதில் ஐயுறுவதில்லை.

இதற்கு ஓர் ஒத்திகை முன்னரே நடந்துவிட்டது. இரண்டாம் அங்கத்தில் கேசியோ குடித்துச் சண்டையிட்ட இரவில் ஒத்தெல்லோ விசாரிக்கிறான். கேசியோ நாணத்தால் வாய் திறக்கவில்லை. மொண்டானோ காயத்தால் பேச இயலாமல் இயாகோவைக் கைகாட்டுகிறான். கேசியோவுக்குத் தீங்கு நேருமாறு பேசுவதைவிட நாவை அறுத்துக்கொள்ளலாம் என்ற முகவுரையோடு இயாகோ சாட்சி சொல்கிறான். உடனே பதவி பறிக்கப்படுகிறது. தயங்கித் தயங்கிச் சொல்லப்படும் சாட்சியத்தைத் தன் தலைவன் கூடுதலாக நம்புவான் என்பதை இயாகோ அன்று கண்டுகொண்டான்.

அவன் கையாளும் செய்திகளுட் பல உண்மையானவை என்பதே வருத்தத்திற்குரியது. டெஸ்டிமோனா தந்தைக்கு அறிவியாமல் மணந்தது உண்மை. தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றக்கூடும் என முதல் அங்கத்தில் பிரபான்ஷியோ எச்சரித்ததும் உண்மை. இயாகோ அதனை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறான். அடுத்து, வெனிஸ் பெண்களின் இயல்பைத் தான் நன்கறிந்தவன் என்கிறான். அந்நாட்டில் பிறவாத ஒத்தெல்லோவால் அக்கூற்றைச் சரிபார்க்க இயலாது. அப்படியா சொல்கிறாய் என்று மட்டுமே அவனால் கேட்க முடிகிறது. பிறகு நிறமும் நாடும் நிலையும் பேசப்படுகின்றன. தன்னைப் போன்ற நிறமும் பிறப்பும் உடையவரை விடுத்து வேற்றானை விரும்பியது இயற்கைக்கு மாறானது எனத் தூண்டில் போடுகிறான். சிறிது நேரத்தில் ஒத்தெல்லோ தனித்திருந்து, தான் கருநிறத்தன் என்பதாலோ, இனிய பேச்சு அறியாதவன் என்பதாலோ, முதுமை எய்தியவன் என்பதாலோ என எண்ணத் தொடங்குகிறான். பிறன் ஒருவனது ஆக்கத்தைப் பொறாத மனம் இவ்வாறு பேசாது. தன்னை ஏற்றுக்கொண்ட ஊர் உண்மையில் தன்னை ஏற்றதா என்று ஐயுறும் வேற்றுநாட்டானின் குரல் இது. மனைவியை ஐயுறுமுன் அவன் தன்னை ஐயுறுகிறான்.

கண்ணால் காணும் சான்று வேண்டும் என்று ஒத்தெல்லோ அதன்பின் இயாகோவின் கழுத்தைப் பிடித்துக் கேட்பது உண்மைதான். கிடைத்தவை மூன்று. முதலாவது, கேசியோ உறக்கத்தில் உளறியதாக இயாகோ சொல்லும் கனவு. இரண்டாவது, கைக்குட்டை. மூன்றாவது, நான்காம் அங்கத்தில் மறைந்து நின்று காணும் சிரிப்பு. பியான்காவைப் பற்றிச் சிரிக்கும் கேசியோ, டெஸ்டிமோனாவைப் பற்றிச் சிரிப்பதாகப் படுகிறது. கண் கண்டது உண்மை. அதற்கு உரை எழுதியவன் வேறொருவன். பொய்க்காட்சியைக் காரணங்காட்டி மறுத்த செனட் உறுப்பினரைப் போன்ற ஒருவர் அங்கு இல்லை.

1693இல் தாமஸ் ரைமர், ஒரு கைக்குட்டையைப் பற்றி இத்தனை ஆரவாரமா என எள்ளி எழுதினார். அவ்வெள்ளலில் ஒரு பயன் உண்டு. அக்கைக்குட்டை கீழே விழுந்தது ஒத்தெல்லோவின் கண்முன்னரே. தலைவலிக்கிறது என்ற கணவனின் நெற்றியைக் கட்ட அவள் அதனை எடுக்கிறாள்; அது சிறியது என்று அவன் விலக்க, விழுகிறது. அது கிடக்கட்டும் என்று அவனே அவளை அழைத்துச் செல்கிறான். எடுத்துக் கணவனிடம் கொடுப்பவள் எமிலியா. தன் முதற்சான்று காணாமற்போன கணத்தில் தானே உடனிருந்ததை ஒத்தெல்லோ ஒருமுறையும் நினைவுகூர்வதில்லை. மாயம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அதனை மறுத்தவன், பின்னர் அதே துணியின் இழைகளில் மாயம் இருப்பதாக மனைவியை அச்சுறுத்துவதும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

நேர்மை என்னும் சொல்

மொழிபெயர்ப்பு ஆய்வாளர்கள் கருத்திற் கொள்ளவேண்டிய சிக்கல் ஒன்று இங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'ஆனஸ்ட்' என்னும் சொல் ஆணைக் குறிக்கும்போது வாய்மையையும், பெண்ணைக் குறிக்கும்போது கற்பையும் சுட்டியது. இச்சொல்லும் இதன் பெயர்வடிவமும் நாடகத்தில் 52 முறை வருவதாக வில்லியம் எம்ப்சன் எண்ணிக் காட்டியுள்ளார். இயாகோவுக்குத் தரப்படும் அடைமொழியும் டெஸ்டிமோனாவுக்கு மறுக்கப்படும் பண்பும் மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால், ஒருவனது நேர்மை ஏறஏற ஒருத்தியது கற்பு இறங்கும் துலாக்கோலைப் பார்வையாளர் செவியாலேயே உணர்வர். தமிழில் அது நேர்மை என்றும் கற்பு என்றும் இரு கூறாகப் பிளந்துவிடுகிறது. வாய்மை, தூய்மை போன்ற இருபாலுக்கும் பொதுவான சொல்லொன்றைத் தொடர்ந்து ஆள்வது, ஓரளவு செயற்கையாகத் தோன்றினாலும், விரும்பத்தக்கது. கற்பு என்னும் சொல் உள்ளே வந்தவுடன் தமிழ் வாசகர் கவனம் முழுதும் டெஸ்டிமோனாவின் பக்கம் திரும்பிவிடும். ஆராயப்பட வேண்டியவனோ இயாகோ.

பொறுப்பு

கோல்ரிட்ஜ் இயாகோவின் தீமைக்குக் காரணமே இல்லை என்னும் கருத்தை முன்வைத்தார். பிராட்லி 1904இல் ஒத்தெல்லோவை எளிதில் பொறாமைகொள்ளாத பெருந்தகையாகக் கண்டார். 1937இல் லீவிஸ் அதனை மறுத்து, இயாகோ ஒரு தூண்டுகோலே, அழிவின் வித்து ஒத்தெல்லோவின் தற்பெருமையில் இருந்தது என வாதிட்டார். இவ்விரு முனைகளுக்கிடையே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்னும் கட்டாயம், ஒத்தெல்லோவின் நோய் பொறாமை என்று கொள்வதால் விளைவது. பொறாமை ஓர் உணர்ச்சி. ஒன்று அது உள்ளிருந்து எழவேண்டும், அல்லது புறத்திருந்து ஏற்றப்படவேண்டும். ஐயம் அவ்வாறானதன்று. அது ஆராய்ச்சியைக் கோரும் அறிவுநிலை. ஐயுற்றவன் குற்றவாளி ஆவதில்லை. ஐயத்தை ஆராயாது தீர்ப்பாக்கியவன் குற்றவாளி. ஐயத்தை ஊட்டியவன் இயாகோ என்பது ஒத்தெல்லோவின் பொறுப்பை ஒரு சிறிதும் குறைப்பதில்லை. தான் எளிதில் பொறாமை கொள்பவன் அல்லன், தூண்டப்பட்டுக் கலங்கியவன் எனத் தன்னைப் பற்றி எழுதுமாறு இறுதியில் ஒத்தெல்லோ வேண்டுகிறான். முற்பாதி ஏற்கத்தக்கது. பிற்பாதியில் செயப்பாட்டுவினையின் நிழலில் அவன் ஒதுங்கிக்கொள்வதை எலியட் போன்றோர் பொறுத்துக்கொள்ளாததில் நியாயம் உண்டு.

பொறாமையை இயல்பாக்கினால் மற்றொரு தீங்கும் நேர்கிறது. மூர் இனத்தவர் மனம் நிலையற்றது என்பது ரோடரிகோவிடம் இயாகோ விற்கும் சரக்கு. ஒத்தெல்லோவின் பொறாமையை அவனது பிறப்போடு இணைத்துப் பேசும் திறனாய்வு எதுவாயினும் அச்சரக்கையே மீண்டும் விலைகூறுகிறது.

தமிழ்த் திரையில் இந்நாடகத்தைப் பலரும் அறிந்தது 'இரத்தத் திலகம்' (1963) வழியாக. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஏற்று நடித்தது படுக்கையறைக் காட்சி. நடிப்பின் ஆற்றல் ஒருபுறமிருக்க, அக்காட்சியைத் தனியே பெயர்த்தெடுத்தால் மேடையில் கணவனும் மனைவியுமே எஞ்சுகின்றனர். இயாகோ இல்லை, செனட் அவையும் இல்லை. சினங்கொண்ட கணவன் மனைவியைக் கொன்ற கதையாக ஒத்தெல்லோ சுருங்குவதற்கு அத்தகைய தேர்வு ஓர் எடுத்துக்காட்டு.

சிலப்பதிகாரத்தோடு ஒப்பிடும் எண்ணம் தமிழ் ஆய்வாளருக்கு எழுவது இயல்பே. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன், ஓர் அணிகலன் சான்றாதல், குற்றஞ்சாட்டப்பட்டவன் கேட்கப்படாமலேயே கொலையுண்டமை ஆகியன ஒத்துவருகின்றன. வேறுபாடுகள் இவற்றினும் பயனுடையவை. பொற்கொல்லன் தன் களவை மறைக்கப் பொய் சொன்னான். இயாகோவுக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. உண்மை வெளிப்பட்ட கணத்தில் பாண்டியன் பழியைத் தன்மேல் ஏற்று வீழ்கிறான். ஒத்தெல்லோ தன் கதை எப்படி எழுதப்படவேண்டும் என்பதில் கருத்தாயிருக்கிறான். அனைத்தினும் மேலாக, கண்ணகிக்கு வழக்குரைக்க ஓர் அவை கிடைத்தது. காலம் கடந்துதான் என்றாலும் அரசன் கேட்டான்.

டெஸ்டிமோனாவுக்காக வழக்குரைப்பவள் எமிலியா. சிந்தியோவின் கதையில் கொடியாளனின் மனைவி அனைத்தும் அறிந்திருந்தும் கணவனுக்கு அஞ்சி வாய் திறவாமல் உயிர் பிழைக்கிறாள். எமிலியாவுக்குச் சூழ்ச்சி தெரியாது. கைக்குட்டை மட்டும் தெரியும். அது எங்கே என்று டெஸ்டிமோனா கலங்கிக் கேட்டபோது தெரியாது என்றவள் அவள். நான்காம் அங்கத்தில் ஒத்தெல்லோ அவளை விசாரிக்கத்தான் செய்கிறான். தலைவியின் தூய்மைக்கு அவள் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன சாட்சியத்தை, இத்தகையவள் வேறென்ன சொல்வாள் எனத் தள்ளிவிடுகிறான். கணவர்களின் குற்றமே மனைவியரின் குற்றத்திற்குக் காரணம் என அவள் பேசும் பகுதி 1623ஆம் ஆண்டின் ஃபோலியோ பதிப்பில் உண்டு. 1622ஆம் ஆண்டின் குவார்ட்டோவில் இல்லை. தமிழாக்கத்திற்கு எம்மூலத்தைக் கொள்வது என்பதும் ஒரு திறனாய்வு முடிவே.

இறுதிக் காட்சியில் அவளை வீட்டுக்குப் போகுமாறு இயாகோ ஆணையிடுகிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், இப்போது இயலாது என்று சொல்லிவிட்டு அவள் பேசுகிறாள். பேசியதற்காகக் கணவன் வாளால் இறக்கிறாள். அதன்பின்தான் வெனிஸின் முறை சைப்ரஸுக்கு வந்து சேர்கிறது. ரோடரிகோவின் சட்டைப்பையில் மடல்கள் கிடைக்கின்றன, காயமுற்ற கேசியோ சுமந்துவரப்படுகிறான். இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று இயாகோ முன்னரே அறிவித்துவிட்டான். அந்தக் கைக்குட்டை உன்னிடம் எவ்வாறு வந்தது என்று ஒத்தெல்லோ கேசியோவை நேரே நோக்கி முதன்முறையாகக் கேட்கிறான். தன் அறையில் கிடந்தது என்றும், அதை அங்குப் போட்டவன் தானே என இயாகோ சற்றுமுன் ஒப்புக்கொண்டான் என்றும் கேசியோ சொல்கிறான். வினாவும் விடையும் மூலத்தில் ஆறேழு வரிகளைத் தாண்டுவதில்லை. டெஸ்டிமோனாவின் உடல் அப்போதும் அதே படுக்கையில் கிடக்கிறது.